அத்திம்பேர் வந்தாச்சு

ஒருவரை நடுக்கடலில் விட்டுவிட்டு வருவதற்குக் கெட்ட எண்ணம் எதுவும் வேண்டியதில்லை. மரியாதை இருந்தாலே போதும். என்னிடம் அது கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

சாதாரண மரியாதை இல்லை, அக்கா புருஷனுக்குச் செய்கிற மரியாதை. கரமனையில் எங்கள் வீட்டில் மாப்பிள்ளை வந்திறங்கினால் பெட்டியை மச்சினன் வாங்க வேண்டும். காப்பி ஆறிவிட்டதா என்று மச்சினன் பார்க்க வேண்டும். பந்தியில் "அத்திம்பேருக்கு இன்னும் கொஞ்சம் ரசம்" என்று மச்சினன் குரல் கொடுக்க வேண்டும். அவரே வாயைத் திறந்து கேட்கும்படி விட்டால் வீட்டுக்கே வெட்கக்கேடு. எல்லாருமாக வேனில் கோயிலுக்குக் கிளம்பும்போது, "அத்திம்பேர் ஏறியாச்சா?" என்று யாராவது கேட்டால், "வந்தாச்சு, வந்தாச்சு" என்று நான்தான் சொல்வேன். பதினான்கு வருஷம் அப்படிச் சொல்லியிருக்கிறேன், ஒரு தடவைகூடத் தப்பாகவில்லை. (வேன் தரையில் போனதுதான் காரணம் என்று பிறகு புரிந்தது.)

அத்திம்பேர் மஸ்கட்டில் உத்தியோகம். பெயர் வெங்கடேசன். அந்தப் பெயரை எங்கள் வீட்டில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை, கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்துப் பார்த்ததோடு சரி. நாற்பத்தெட்டு வயதில், தொப்பை நன்றாக விழுந்த பிறகு, திடீரென்று அங்கே கடலுக்கடியில் நீந்தக் கற்றுக்கொண்டு அதற்குச் சான்றாகக் கையில் ஒரு கார்டும் வைத்திருந்தார். மகன் ஹரியின் பூணலுக்கு ஊருக்கு வந்தவர், பூணலுக்கு முந்தின நாள் காலையில் கோவளத்தில் படகில் போய் டைவ் அடிக்கப் போகிறேன் என்று இட்லியைப் பிட்டுக்கொண்டே அறிவித்தார்.

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"சாயங்காலம் உதகசாந்தி ஜபம். நாளைக்குப் பிள்ளைக்குப் பூணல். இந்த மனுஷர் சமுத்திரத்துக்கு அடியில போறாராம்!"

"இப்போ போனா பதினோரு மணிக்கு வந்துடுவேன், ராஜி. ஒரே ஒரு டைவ்."

அக்கா அவரிடம் வாதாடவில்லை. என் பக்கம் திரும்பினாள். "சேகரா, நீ கூடப் போ. போற ஆளை அப்படியே கொண்டு வந்து என் முன்னாடி நிறுத்து, கேட்டியா? நாளைக்கு ஹரி காதுல மந்திரம் சொல்ல அவனோட அப்பா வேணும். அது உன் பொறுப்பு."

நான் கழக்கூட்டம் என்ற இடத்தில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலையில் இருந்தேன். அடுத்தவர் செய்த தப்பைக் கண்டுபிடித்துப் பட்டியல் போடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். கரமனை ஆற்றில் இடுப்பளவு தண்ணீர் வரை நீச்சலும் தெரியும். இதைவிட யோக்கியமான ஆள் யார் கிடைப்பார்கள் என்று அக்கா நினைத்திருக்க வேண்டும். நானும் அப்படித்தான் நினைத்தேன், அதுதான் வேதனை.

காரில் போகும்போது அத்திம்பேர், "படகுல டைவ் மாஸ்டர்னு ஒருத்தர் இருப்பார். அவர் சொல்றதைக் கேட்டுண்டு நீ சும்மா உக்காந்திரு" என்றார். டைவ் மாஸ்டர் என்றால் எப்படி இருப்பார் என்று எனக்கு ஒரு கற்பனை இருந்தது. கல்யாணத்தில் சமையல் கோஷ்டியின் தலைவரும் மந்திரம் சொல்கிற வாத்தியாரும் சேர்ந்த மாதிரி ஒரு பெரியவர். நாம் போய் நின்றால் போதும், மற்றதெல்லாம் அவர் ஆட்களை வைத்துப் பார்த்துக்கொள்வார். வெந்நீர் கொண்டு வருவார், முதுகில் ஆக்சிஜன் கட்டிவிடுவார், கையைப் பிடித்துக் கடலுக்குள் அழைத்துப் போய் மீனையெல்லாம் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டு வந்து துடைத்துவிடுவார்.

அங்கே இருந்தது ஷிபு. முப்பது வயதிருக்கும், ஒல்லி, வெளுத்துப்போன டீ சட்டை. விழிஞ்ஞம் பக்கத்துக் கடற்கரை ஆள். கழுத்தில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பலகையைக் கயிற்றில் மாட்டியிருந்தார், அதில் பென்சிலால் ஆறு பெயர்கள். அத்திம்பேரின் கார்டை வாங்கிப் பார்த்தார். கடைசியாக எப்போது இறங்கினீர்கள், பிரஷர், சுகர் உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று வரிசையாகக் கேட்டார். எங்கள் மாப்பிள்ளையை நிற்க வைத்து விசாரிக்கிறானே என்று எனக்குச் சுருக்கென்றது.

அடுத்து அதைவிடப் பெரிய அவமானம். "சார், நிங்ஙளுடெ சாதனம் எல்லாம் நிங்ஙள் தன்னெ செட் பண்ணணும்" என்றார்.

என்ன! வீட்டில் டம்ளரை நகர்த்தி வைக்காத மனிதர், இங்கே சிலிண்டர் தூக்குவதா? நான் பாய்ந்து போய்த் தூக்கினேன். (தூக்கினேன் என்பது ஒரு பேச்சுக்கு. அது என்னைத்தான் கீழே இழுத்தது.)

"சேட்டா, விடு. சார் தன்னெ தூக்கட்டும். தூக்க முடியலைன்னா இன்னிக்கு இறங்கவே வேண்டாம். கடைசியில நான் செக் பண்ணும்."

"நீங்கதானே டைவ் மாஸ்டர்? ஆக்சிஜனை நீங்க கட்டிவிட மாட்டேளா?"

"ஆக்சிஜன் அல்ல சேட்டா. வெறும் காத்து."

வெறும் காற்றையா இத்தனை கனமாக மூட்டை கட்டி வைத்திருக்கிறார்கள் என்று நான் குழம்பிக்கொண்டிருக்கும்போதே, அத்திம்பேர் நீருக்கடியில் போடும் கண்ணாடியை எடுத்து அதற்குள் 'த்தூ' என்று துப்பி, விரலால் தேய்த்து, அதை அப்படியே முகத்தில் மாட்டிக்கொண்டார்.  தண்ணீர்ச் சொம்பைத் தூக்கிக் குடிக்காமல் உதட்டை வைத்தால் சொம்பையே தேய்த்துக் கழுவுகிற வீடு எங்களுடையது. ஷிபுவும் துப்பினார். ஆறு பேரும் துப்பினார்கள். கண்ணாடியில் ஆவி படியாமல் இருக்க அதுதான் வழியாம். நாளைக்குப் பூணல் வைத்துக்கொண்டு இன்றைக்கு இந்த எச்சில் கூட்டத்தில் வந்து மாட்டிக்கொண்டோமே என்று கரமனை இருந்த திசையைப் பார்த்தேன்.

படகு கிளம்பியது. போகும் வழியில் ஷிபு எல்லாரையும் உட்கார வைத்துப் பேசினார். எவ்வளவு ஆழம், நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது, யாருக்கு யார் துணை, சிலிண்டரில் காற்றின் அளவு நூறு 'பார்' ஆகக் குறைந்ததும் தனக்குச் சொல்ல வேண்டும், ஐம்பது ஆவதற்குள் மேலே ஏறி வந்துவிட வேண்டும், கடல் கோபித்தால் டைவ் கிடையாது, அதில் பேச்சே இல்லை. கடைசியாகப் பலகையைத் தட்டிச் சொன்னார்:

"திரும்பி வந்ததும் நான் பேரு விளிக்கும். அவங்கவங்க வாயால பதில் சொல்லணும். வேறொருத்தருக்கு வேண்டி யாரும் சொல்லக்கூடாது. ஃபிரண்டு, பாரியா, ஆரும்."

இது என் காதில் விழவில்லை என்று பல வருஷம் பொய் சொல்லி வந்தேன். விழுந்தது, நன்றாகவே விழுந்தது. எனக்குச் சொன்னதில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஃபிரண்டு என்றார், பெண்டாட்டி என்றார், மச்சினன் என்று சொன்னாரா?

படகு நின்றது. ஆறு பேரும் ஷிபுவும் முதுகுப் பக்கமாகக் கடலில் சரிந்து மறைந்தார்கள். மேலே நானும் படகோட்டியும் மட்டும். கிளம்புவதற்கு முன் ஆறு இட்லி தின்றிருந்தேன், மிளகாய்ப்பொடியோடு. ஓடாமல் நிற்கிற படகு எப்படி ஆடும் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். முதல் இட்லி பத்தாவது நிமிஷம் வெளியே வந்தது. மற்றவையும் முறையாக வந்தன. இந்த நிலையிலும் நான் கடமை தவறவில்லை. பின்பக்கத்துப் பலகையில் அத்திம்பேருக்காக எங்கள் வீட்டு ஈரிழைத் துண்டை விரித்து, பிளாஸ்கில் காப்பியும் ஒரு பொட்டலத்தில் உப்பு நார்த்தங்காயும் தயாராக வைத்தேன்.

நாற்பது நிமிஷம் கழித்துத் தலைகள் தெரிந்தன. எல்லாம் கறுப்பு ரப்பர் உடுப்பு, எல்லார் முகத்திலும் கண்ணாடி. அப்போதுதான் ஏணியில் ஒருவர் தலைசுற்றி வாந்தியெடுத்துச் சரிந்தார். வரிசையில் கடைசியாக ஏற வேண்டிய ஷிபு, அவரைத் தூக்குவதற்காக அவசரமாக மேலே ஏறினார். ஒரே அமளி. நான் அந்த நேரம் படகின் மறுபக்கம் குனிந்து காலியான வயிற்றோடு போராடிக்கொண்டிருந்தேன், இதெல்லாம் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டதுதான்.

நிமிர்ந்து பார்த்தால் அத்திம்பேர் பின்பலகையில் மல்லாந்து படுத்திருக்கிறார். அதே தொப்பை. முகத்தின் மேல் எங்கள் வீட்டுச் சிவப்புக் கரைத் துண்டு. சாப்பிட்டதும் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு படுப்பதுதான் அவர் வழக்கம். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அத்திம்பேர், காப்பி தரட்டுமா?"

"ம்ஹூம்."

"தலைசுத்தறதா? நார்த்தங்காய் வச்சுக்கோங்கோ." துண்டின் ஓரத்தைத் தூக்கி வாயில் ஒரு துண்டு நார்த்தங்காயைத் திணித்தேன். வாங்கிக்கொண்டார். கால் சில்லிட்டிருந்தது, பிடித்துவிட்டேன். மனம் இளகிய அந்த நேரத்தில், அக்காவிடம் சொல்லத் தைரியம் இல்லாத ஒரு விஷயத்தையும் சொன்னேன்: "அத்திம்பேர், கோவிச்சுக்காதேங்கோ. நாளைக்குச் சாப்பாட்டுக்கு வாழையிலை சொல்ல மறந்து போயிட்டேன். அக்காவுக்குத் தெரிய வேண்டாம்."

"ம்ம்" என்றார். அவருடைய பெருந்தன்மையை நினைத்து இன்னொரு காலையும் பிடித்துவிட்டேன்.

ஷிபு முன்பக்கத்தில் நின்று பெயர் கூப்பிட்டார். கொச்சி நண்பர்கள் இருவர், பெங்களூரு தம்பதி, எல்லாரும் பதில் சொன்னார்கள்.

"வெங்கடேசன்!"

மொட்டையாக! நடுக்கடலில், நாலு பேர் முன்னால், எங்கள் மாப்பிள்ளையை! அவரும் உடம்பு முடியாமல் படுத்திருக்கிறார், எழுந்து "ஆஜர்" என்று கை தூக்குவாரா? எனக்கு யோசிக்கவே தோன்றவில்லை. பதினான்கு வருஷப் பழக்கம், வாய் தானாகத் திறந்தது.

"வந்தாச்சு, வந்தாச்சு!"

ஷிபு பலகையில் டிக் அடித்தார். நங்கூரம் ஏறியது, என்ஜின் உறுமியது, படகு கரைப்பக்கம் திரும்பியது. எங்கோ தூரத்தில் ஒரு விசில் கேட்டது. பிறகு இன்னொன்று. மூன்றாவது விசிலும் கேட்டபோது, குக்கரை இறக்கிவிடலாம், சாதம் வெந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றியது. மயக்கத்தில் இருந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஷிபு ஒவ்வொருவரிடமும் வந்து சிலிண்டரில் மிச்சம் எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொண்டே பின்பக்கம் வந்தார்.

"வெங்கடேசன் சார் எவிடெ? எத்ர பார் பாக்கி?"

"அத்திம்பேர் கண்ணசந்துட்டார். நூறுன்னு போட்டுக்கோங்கோ."

"நூறா? ஆரு பாத்தது?"

"ஒரு குத்துமதிப்பாச் சொன்னேன்..."

ஷிபு என்னைப் பார்த்தார். படுத்திருந்தவரைப் பார்த்தார். "சேட்டா, இது பாப்பச்சன் சார். நான் தன்னெ தூக்கிப் படுக்க வெச்சு டிக் போட்டது" என்று சொல்லிக்கொண்டே துண்டை எடுத்தார்.

நரைத்த மீசையோடு ஒரு முகம். அதற்கு முன் நான் பார்த்தே இராத முகம். கன்னத்தில் என் நார்த்தங்காய். கொல்லத்தில் முந்திரிப்பருப்பு வியாபாரம் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச் சோகமாகப் புன்னகைத்தார்.

இவர் பாப்பச்சன் என்றால், அத்திம்பேர் எங்கே? அத்திம்பேர் இங்கே இல்லை என்றால், வந்தாச்சு என்று நான் சொன்னது யாரை? என் மூளை இந்த இரண்டு கேள்விகளையும் மாற்றி மாற்றிக் கேட்டது. ஷிபு அதற்குள் சத்தம் போட்டு என்ஜினை நிறுத்தியிருந்தார்.

 சுற்றிலும் தண்ணீர், ஒரு தலைகூட இல்லை. நாளைக்கு ஹரி புது வேஷ்டியோடு மணையில் உட்கார்ந்திருப்பான், அவன் காதில் சொல்ல ஆள் இருக்காது. வாசலுக்கு வந்து அக்கா, "எங்கேடா?" என்பாள். நான் என்ன சொல்வேன்? வந்தாச்சு என்பேனா?  படகின் தளத்தில் உட்கார்ந்து, வெட்கமில்லாமல், வாய்விட்டு அழுதேன். பாப்பச்சன் எழுந்து வந்து தம் காலைப் பிடித்துவிட்டவனின் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

ஷிபு அழவில்லை, யாரையும் திட்டவும் இல்லை. ஆளுக்கொரு திசையைப் பிரித்துக் கொடுத்து, "கண்ணை எடுக்காதே, பேசாதே" என்றார். அவர் மட்டும் படகின் கூரை மேல் ஏறி நின்றார். மறுபடியும் அந்தக் குக்கர் விசில் கேட்டது. ஷிபு கை நீட்டினார். அலைக்கு நடுவே ஆரஞ்சு நிறத்தில் பலூன் குழாய் ஒன்று நட்டுக்குத்தலாக நின்றது. அதன் கீழே காற்று ஊதிய உடுப்புக்குள் கழுத்து வரை புதைந்து, ஒரு கையில் கேமராவும் வாயில் விசிலுமாக எங்கள் அத்திம்பேர்.

நடந்தது இதுதான். ஏணிக்குக் காத்திருக்கையில் பெங்களூரு அம்மாளுக்கு வழிவிடுவதற்காக, பிடித்திருந்த படகுக் கயிற்றை விட்டிருக்கிறார். பக்கத்தில் ஓர் ஆமை வந்திருக்கிறது. அதைப் படம் எடுத்துக்கொண்டே போனவர், நீரோட்டம் தன்னை இழுத்துப் போவதைக் கவனிக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால் படகு கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது.

ஏறியதும் அவர் முதலில் கேட்டது ஷிபுவை. "என்னய்யா, பேர் கூப்பிட்டுப் பாக்கலையா?"

"கூப்பிட்டேன் சார். வந்தாச்சுன்னு பதிலும் வந்நு."

"யார் சொன்னா?"

 ஐந்து கைகள் என்னைக் காட்டின. ஆறாவது, படகோட்டியுடையது.

அத்திம்பேர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மீசையிலிருந்து உப்புத்தண்ணீர் சொட்டியது. கோபமே இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கேட்டார்:

"நான் எப்போடா வந்தேன்?"

ஷிபு என் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "சேட்டா, தப்பு எனக்கும் உண்டு. முகம் பாக்காம டிக் போட்டேன், இனி ஒருக்காலும் போட மாட்டேன். ஆனா ஒண்ணு கேளு. சிலிண்டர் தூக்கறது, காப்பி தர்றது ஒண்ணும் என் ஜோலி இல்ல. கொண்டு போன ஆறு பேரையும் திருப்பிக் கொண்டு வர்றதுதான் என் ஜோலி. உங்க குரலை ஏத்திட்டு நான் கரைக்குப் போயிருப்பேன். ஆளு கடல்ல கெடந்திருப்பாரு."

 தலையை மட்டும் ஆட்டினேன். இன்றைக்கும் டைவ் அடிக்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால், டைவ் மாஸ்டர் துண்டு எடுத்துக் கொடுப்பாரா என்று பார்க்காதே, பெயர் கூப்பிடுகிறாரா, முகத்தைப் பார்த்து டிக் போடுகிறாரா என்று பார் என்றுதான் சொல்கிறேன். (மச்சினனைக் கூட்டிக்கொண்டு போகாதே என்றும் சொல்கிறேன்.)

கரையில் இறங்கும்போது பாப்பச்சன் என் கையைப் பிடித்துக்கொண்டு, அத்திம்பேரின் காது கேட்க, "மோனே, அந்த இலைக்கு இனியாவது சொல்லணே" என்றார். அந்த வகையில் அதுவும் வெளியே வந்தது.

அக்காவிடம் ஒன்றும் சொல்வதில்லை என்று காரில் ஒப்பந்தம். வரும் வழியிலேயே சாலைக் கடைத்தெருவில் இலைக்கும் சொல்லிவிட்டோம். பதினொன்றே முக்காலுக்கு ஆளைக் கொண்டு போய் அக்கா முன்னால் நிறுத்தினேன். உதகசாந்தி நல்லபடியாக நடந்தது. மறுநாள் காலையில், ஹரி மணையில் உட்கார்ந்திருக்க, வாத்தியார் நிமிர்ந்து கேட்டார்: "பிள்ளையோட அப்பா எங்கே? வந்தாச்சா?"

சத்தியமாக நான் நினைத்துச் சொல்லவில்லை. "வந்தாச்சு, வந்தாச்சு" என்றது வாய்.

"டேய்! நீ வாயைத் திறக்காதே!" என்று சமையற்கட்டுப் பக்கத்திலிருந்து ஓர் அலறல். கையில் காப்பி டம்ளரோடு அத்திம்பேர் ஓடி வந்தார். வந்த வேகத்தில் இருநூறு பேர் முன்னால் முழுக்கதையையும் சொல்லிவிட்டார். வாத்தியார் சிரித்து முடிக்கக் கால்மணி ஆயிற்று, முகூர்த்தம் தப்பாமல் இருந்தது தெய்வாதீனம். அக்கா சிரிக்கவில்லை. மந்திரம் முடிகிற வரை அத்திம்பேரின் அங்கவஸ்திர நுனியைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு எங்கள் குடும்ப வேனில் ஷிபுவின் சட்டம்தான். அவரவர் வாயால் சொல்ல வேண்டும். நான் சபதமே எடுத்துக்கொண்டேன்: செத்தாலும் இன்னொருவருக்காக "வந்தாச்சு" சொல்வதில்லை.

போன வருஷம் அத்திம்பேருக்குக் கண்ணில் புரை. ஆஸ்பத்திரியில் காத்திருந்தபோது வழக்கம்போல முகத்தில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டார். (ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். அவர்தான்.) நர்ஸ் வந்து, "வெங்கடேசன்!" என்றாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். இரண்டாம் தடவை கூப்பிட்டாள். மூன்றாம் தடவையும் கூப்பிட்டாள். அடுத்த ஆள் உள்ளே போனார். அதற்கடுத்தவரும் போனார். டாக்டரும் கிளம்பிப் போனார்.

அத்திம்பேர் எழுந்து, "என்னடா, என்னைக் கூப்பிட்டாளா?" என்றார்.

"மூணு தரம் கூப்பிட்டா."

"சொல்லப்படாதா? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"அவங்கவங்க வாயால சொல்லணும், அத்திம்பேர்."

அக்காவுக்கு இப்போது இரண்டு கதைகள் கைவசம். வீட்டுக்கு யார் வந்தாலும், காப்பி கொடுத்த கையோடு என்னைக் காட்டி இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிறாள்: "எங்காத்து மனுஷர் கடல்ல கெடந்தப்போ வந்தாச்சுன்னான். பக்கத்து நாற்காலியில உக்காந்திருந்தப்போ வாயே திறக்கலை. இவனை நம்பித்தான் நான் அவரை அனுப்பறேன்!"